இஎஸ்பிஎன்னும் பார்க்காதவர்கள் கட்டிய காசும்

இஎஸ்பிஎன் என்ற அமெரிக்க விளையாட்டுச் சேனலின் கதையை யார் சொன்னாலும் திரையில் வந்த முகங்களில்தான் ஆரம்பிப்பார்கள். கிறிஸ் பெர்மன் வீரர்களுக்கு வைத்த பட்டப்பெயர்கள், டிக் வைட்டலின் கத்தல், கீத் ஓல்பர்மனும் டான் பாட்ரிக்கும் இரவு 11 மணிக்கு அடித்த லூட்டி, யார் யாரோடு சண்டை போட்டார், யாரை எப்போது வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கிசுகிசு எனக்கும் பிடிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிறுவனத்தின் வரலாற்றை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால் ஒன்று புரிகிறது: அதன் தலையெழுத்து மாறிய நாட்களில் கேமராவுக்கு முன்னால் யாருமே இல்லை. ஒரு வாடகைப் பட்டியல், ஒரு சந்தா விகிதம், ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, வாஷிங்டனில் நிறைவேறிய ஒரு சட்டம். இந்த நாலும் இல்லாவிட்டால் பெர்மன் ஹார்ட்ஃபோர்டில் ஏதோ உள்ளூர் சேனலில் வார இறுதி ஸ்கோர் வாசித்துக்கொண்டே ஓய்வு பெற்றிருப்பார் என்பது என் கட்சி.

முதலில் அந்த வாடகைப் பட்டியல். 1978 மே மாதக் கடைசியில் பில் ராஸ்முசெனுக்கு வேலை போனது. நியூ இங்கிலாந்து வேலர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியில் செய்தித் தொடர்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வயது 45. அடுத்து என்ன செய்வது என்று யோசித்தபோது அவரிடம் இருந்த திட்டம் மிகச் சின்னது. கனெக்டிகட் மாநிலத்தில் கேபிள் இணைப்பு இருக்கும் வீடுகளுக்கு வேலர்ஸ் ஆட்டங்களையும் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆட்டங்களையும் காட்டுவது, அவ்வளவுதான். நாடு முழுக்க, நாள் முழுக்க என்பதெல்லாம் அப்போது அவர் கணக்கிலேயே இல்லை. மகன் ஸ்காட் கூட வந்தார், காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த எட் ஈகன் என்பவரும் சேர்ந்தார். கம்பெனியைப் பதிவு செய்ய ஆன செலவு 91 டாலர்.

செயற்கைக்கோள் வழியாகக் கேபிள் வீடுகளுக்கு நிகழ்ச்சி அனுப்புவது அப்போது புதுச் சரக்கு. 1975இல் மணிலாவில் நடந்த அலி–பிரேசியர் குத்துச்சண்டையை எச்பிஓ அப்படிக் காட்டியது. 1976 டிசம்பரில் டெட் டர்னர் தன்னுடைய அட்லாண்டா சேனலை ஆர்சிஏ நிறுவனத்தின் சாட்காம் 1 செயற்கைக்கோளில் ஏற்றி நாடு முழுக்க விட்டார். 1977இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் ஆட்டங்களும் மேலே ஏறின, அதாவது விளையாட்டைச் செயற்கைக்கோளில் முதலில் ஏற்றியதும் ராஸ்முசென் இல்லை. இவ்வளவு இருந்தும் ஆர்சிஏவிடம் இன்னும் காலி இடம் இருந்தது. அதை விற்கும் வேலையில் இருந்த அல் பரினெல்லோ என்பவரைக் கூப்பிட்டு ராஸ்முசென்கள் விசாரித்தார்கள். கனெக்டிகட்டுக்கு மட்டும் அனுப்பினாலும் கலிஃபோர்னியா வரை அனுப்பினாலும் செயற்கைக்கோளுக்கு ஒரே செலவுதான் என்பது அங்கேதான் அவர்களுக்குத் தெரிந்தது. மேலே இருந்து பொழிவது எல்லோர் வீட்டு மேலும்தானே பொழியும்.

அப்புறம் வாடகை. ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எடுத்தால் 1,250 டாலர். டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் ஒரு சேனலை வாங்கிக் கீழே அனுப்பும் கருவி) ஒன்றை 24 மணி நேரத்துக்கும் மொத்தமாக எடுத்தால் மாதம் 34,167 டாலர். 1,250ஐ 30ஆல் பெருக்கிப் பாருங்கள், 37,500 வரும். நாளெல்லாம் வைத்துக்கொள்வது 5 மணி நேரம் வைத்துக்கொள்வதைவிட மலிவு! யாரும் வாங்காத சரக்கைத் தள்ளிவிட ஆர்சிஏ போட்ட விலை அது. பில் உடனே எடுத்துக்கொண்டார், கையில் காசு இல்லாமலேயே, ஏனென்றால் ஆர்சிஏ அன்றைக்கு முன்பணம் கேட்கவில்லை. கொஞ்ச காலத்திலேயே டிரான்ஸ்பாண்டருக்குப் பெரிய நிறுவனங்கள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. இவர் ஒரு வருடம் தள்ளி யோசித்திருந்தால் கதவு மூடியிருக்கும்.

ஆக 24 மணி நேர விளையாட்டுச் சேனல் என்ற யோசனை ஏதோ ஞானி ஒருவருக்கு வந்த தரிசனம் இல்லை. மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டார்கள், வாங்கிய பிறகு இதை என்ன செய்வது என்று முழித்தார்கள். 1978 ஆகஸ்ட் 16 அன்று அப்பாவும் மகனும் காரில் நியூ ஜெர்சி கடற்கரைப் பக்கம் ஒரு குடும்ப விசேஷத்துக்குப் போகிறார்கள், வாட்டர்பரி அருகே போக்குவரத்து நெரிசல், இந்த நேரத்தையெல்லாம் எதை வைத்து நிரப்புவது என்று இருவருக்கும் வாக்குவாதம். ஒரு கட்டத்தில் ஸ்காட் கடுப்பாகி, நாள் பூராவும் ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால், நம்மூர்க் கால்பந்து இல்லை) போட்டுக்கொள்ளுங்கள், எனக்கென்ன என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தில்தான் முழு நாளும் விளையாட்டு என்பது முதல் முறை வாய்விட்டு வந்தது. (இந்த ஸ்காட்தான் பிற்பாடு தேர்தல் கருத்துக்கணிப்பு நடத்துபவராகப் பெயர் வாங்கினார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும் சமாச்சாரம்.)

நிரப்புவதற்குச் சரக்கு கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவிடம் இருந்தது. பெரிய மூன்று சேனல்களும் (ஏபிசி, என்பிசி, சிபிஎஸ்) கல்லூரி ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும் முக்கியமான ஆட்டங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தன, மல்யுத்தம், நீச்சல், சாக்கர், லக்ராஸ் எல்லாம் கேட்பாரற்றுக் கிடந்தன. 1979 தொடக்கத்தில் அந்த ஒப்பந்தம் கைக்கு வந்தது. பணத்துக்கு கெட்டி ஆயில். ஆமாம், எண்ணெய்க் கம்பெனிதான். எண்ணெய் தவிர அவர்கள் பணம் போட்டிருந்த மற்ற தொழில்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் ஈவி விளையாட்டுப் பைத்தியம், அவர் பிடித்த பிடியில் 1 கோடி டாலர் வந்தது. பதிலுக்குக் கெட்டி எடுத்துக்கொண்டது 85 சதவீதப் பங்கு. ராஸ்முசெனுக்கு வேறு வழி இல்லை, பல பேர் வாசலில் ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பியிருந்தார். ஆனால் அந்தக் கையெழுத்தோடு சேனல் அவருடையதாக இல்லாமல் போனது என்பதும் உண்மை. என்பிசி விளையாட்டுப் பிரிவின் தலைவராக இருந்த செட் சிம்மன்ஸை ஈவி கொண்டுவந்து உட்காரவைத்தார், சிம்மன்ஸ் தன்னோடு ஸ்காட்டி கானல் போன்ற என்பிசி ஆட்களைக் கூட்டிவந்தார், ஒளிபரப்பு தொடங்கி ஓரிரு வருடத்துக்குள் ராஸ்முசென் வெளியே. இப்போது அவரை நிறுவனர் என்று மேடையேற்றிக் கொண்டாடுகிறார்கள், நல்லதுதான். அன்றைக்கு அவரை அறையில் வைத்துக்கொள்ளக்கூட யாரும் விரும்பவில்லை.

பிரிஸ்டல் என்ற ஊர் எப்படி வந்தது என்பதும் இதே ரகம். ராஸ்முசென்கள் முதலில் பார்த்தது பக்கத்து ஊரான பிளெயின்வில்லை. அங்கே பெரிய டிஷ் ஆன்டெனா வைக்க உள்ளூர் விதி இடம் கொடுக்கவில்லை. பிரிஸ்டலில் தொழிற்பேட்டை நிலம் கிடைத்தது, வைத்தார்கள். நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ இருக்க வேண்டிய ஒரு நிறுவனம் இன்றைக்கும் கனெக்டிகட்டின் நடுவில் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அந்த விதிதான்.

1979 செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை, மாலை 7 மணி. கட்டடம் முடியவில்லை, சுற்றி எங்கும் சேறு, வேலையில் பாதி வெளியே நின்ற டிரெய்லர்களிலும் ஒளிபரப்பு வண்டிகளிலும் நடந்தது. லீ லெனார்ட் வந்து, நீங்கள் விளையாட்டு ரசிகர் என்றால் சொர்க்கத்துக்கே வந்துவிட்டதாக நினைப்பீர்கள் என்ற தொனியில் ஒரு முகவுரை சொன்னார். அடுத்து ஜார்ஜ் கிராண்டி ஸ்போர்ட்ஸ்சென்டர் என்ற விளையாட்டுச் செய்தி நிகழ்ச்சியை முதல் முறை தொகுத்தார், அதில் முதலில் சொன்ன முடிவு அமெரிக்க ஓபனில் கிறிஸ் எவர்ட் பில்லி ஜீன் கிங்கை வென்றது. அந்த நேரம் சேனல் போய்ச் சேர்ந்த வீடுகள் சுமார் 14 லட்சம். முதல் நேரடி ஆட்டம் சாஃப்ட்பால், அதுவும் தொழில்முறை ஸ்லோ பிட்ச் லீக். சேனலின் மிகப் பெரிய விளம்பரதாரர் பட்வைசர் பீர் தயாரிக்கும் அன்ஹைசர் புஷ், 13 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், கேபிள் விளம்பரத்தில் அதுவரை யாரும் அவ்வளவு போட்டதில்லை. அன்று களத்தில் இறங்கிய அணிகள் கென்டக்கி பர்பன்ஸ், மில்வாக்கி ஷ்லிட்ஸ். ஷ்லிட்ஸ் என்பது போட்டி பீர். ஜெயித்ததும் ஷ்லிட்ஸ். விளம்பரதாரர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முழு 24 மணி நேரமும் ஓடியது அன்றிலிருந்து இல்லை, அதற்கு 1980 செப்டம்பர் 1 வரை ஆனது. ஆஸ்திரேலிய விதி ஃபுட்பால் மாதிரி அமெரிக்கர் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஆட்டங்களையெல்லாம் போட்டு நேரத்தை ஓட்டினார்கள், போட்டதையே திரும்பப் போட்டார்கள். ஆனால் இந்தப் பஞ்சத்திலிருந்துதான் நல்ல யோசனைகள் பிறந்தன. என்சிஏஏ கூடைப்பந்துப் போட்டியின் ஆரம்பச் சுற்றுகளைப் பெரிய சேனல் எதுவும் சீண்டவில்லை, இவர்கள் காட்டினார்கள், வார நாள் மதியத்தில் யாரோ பெயர் தெரியாத கல்லூரி ஒரு பெரிய கல்லூரியை வீழ்த்துவதைப் பார்க்கிற பழக்கம் அங்கே தொடங்கியது. 1980 ஏப்ரலில் என்எஃப்எல் டிராஃப்டை, அதாவது தொழில்முறை ஃபுட்பால் லீகின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை, நேரடியாகக் காட்டுகிறோம் என்று சிம்மன்ஸ் கேட்டபோது ஆணையர் பீட் ரோசெல்லுக்கே நம்பிக்கை இல்லை. ஓட்டல் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் வாசிப்பதை எவன் பார்ப்பான்? நியாயமான கேள்விதான். ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை காலை, நியூயார்க் ஷெராட்டனில் டெட்ராய்ட் அணி பில்லி சிம்ஸை முதல் ஆளாக எடுத்ததிலிருந்து அது ஓடியது. இப்போது அது ஊர் ஊராகப் போய் நடக்கும் மூன்று நாள் திருவிழா.

பிரிஸ்டலில் உள்ளே இருந்த வாழ்க்கையைப் பற்றி எக்கச்சக்கமாகச் சொல்லிவிட்டார்கள், நான் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறேன். கல்லூரி முடித்த பையன்கள், அற்பச் சம்பளம், நடுநிசி ஷிஃப்ட், ஊரில் பொழுதுபோக்கு என்று எதுவும் இல்லை. பெர்மன் 24 வயதில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்ததும் அந்த அகால நேர நிகழ்ச்சிதான். ஜார்ஜ் போடன்ஹைமர் 1981இல் தபால் பிரிவில் சேர்ந்து, டிக் வைட்டலை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரும் டிரைவர் வேலையும் பார்த்து, 1998இல் தலைவரே ஆனார் என்ற கதையை நிறுவனம் பெருமையாகச் சொல்லும், சொல்ல வேண்டிய கதைதான். அதே கட்டடத்தில் பெண்கள் பட்ட பாட்டை அவ்வளவு பெருமையாகச் சொல்ல மாட்டார்கள். 1981இல் ரோண்டா கிளென் ஸ்போர்ட்ஸ்சென்டர் மேசைக்கு வந்தார், பிறகு கேல் கார்ட்னர், ராபின் ராபர்ட்ஸ், லிண்டா கோன் என்று வரிசை நீண்டது. ஆனால் கேமராவுக்குப் பின்னால் வேலை பார்த்த பெண்களுக்குத் தொல்லை கொடுத்தவர்களைப் பற்றிய புகார்கள் வருடக்கணக்கில் இருந்தன, பிற்பாடு அவை அச்சிலும் வந்தன. ஆண்பிள்ளைகள் விடுதி போல ஜாலியாக இருந்தது என்று பழைய ஆட்கள் ஏக்கத்தோடு நினைவுகூரும் போதெல்லாம், அந்த விடுதியில் இவர்களும் வேலை பார்த்தார்களே என்று எனக்குத் தோன்றும்.

சரி, காசுக்கு வருவோம், ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான் மொத்த வரலாறும்.

தொடக்கத்தில் இஎஸ்பிஎன்னுக்கு விளம்பரம் மட்டும்தான் வருமானம். கேபிள் ஆபரேட்டர்கள் சேனலைப் போடுவதற்குக் காசு கொடுக்கவில்லை, சில பேருக்கு இஎஸ்பிஎன்தான் காசு கொடுத்தது, எங்களைப் போடுங்கள் என்று. இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் தேறாது. கெட்டி ஆயில் மேலும் மேலும் பணம் கொட்டியும் நஷ்டம் குறையவில்லை, மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். அப்படி வந்த ரோஜர் வெர்னர் அப்புறம் இங்கேயே சேர்ந்து பிற்பாடு தலைவராகவும் ஆனார். 1982இல் சிம்மன்ஸ் புதிதாகத் தொடங்கும் யுஎஸ்எஃப்எல் ஃபுட்பால் லீகின் ஆணையராகப் போய்விட, பில் கிரைம்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். கிரைம்ஸும் வெர்னரும் எடுத்த முடிவு இதுதான்: இனி ஆபரேட்டர்தான் நமக்குக் கொடுக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று.

ஆபரேட்டர்கள் கொதித்தார்கள். விளம்பரமும் போட்டுக்கொள்கிறாய், எங்களிடமும் வாங்குவாயா? அந்தச் சமயம் பார்த்து சிபிஎஸ் தொடங்கிய கலைச் சேனலான சிபிஎஸ் கேபிள் விளம்பரத்தை மட்டும் நம்பிக் கோடிக்கணக்கில் கையைச் சுட்டுக்கொண்டு 1982 டிசம்பரில் மூடப்பட்டது. கிரைம்ஸுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. பாருங்கள், நாளைக்கு நாங்களும் மூடிவிட்டால் உங்கள் சந்தாதாரர்களுக்கு யார் பதில் சொல்வது? அவர்கள் கேட்டது சில சென்ட்தான். அதைக் கொடுத்தார்கள், முனகிக்கொண்டே கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது தொகை இல்லை, யார் தலையில் விழுந்தது என்பது. இஎஸ்பிஎன் அடிப்படைத் தொகுப்பில் இருந்தது, அதற்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் சேனல் இல்லை. ஒப்பந்தத்திலும் அது அப்படியே இருக்க வேண்டும் என்று கறாராகப் பார்த்துக்கொண்டார்கள். அதனால் கேபிள் இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் மாதாமாதம் இஎஸ்பிஎன்னுக்குக் கட்டியது. ஆட்டம் பார்க்கிற வீடும் கட்டியது, சமையல் நிகழ்ச்சியும் செய்தியும் தவிர வேறெதுவும் பார்க்காத வீடும் கட்டியது, பந்து உருண்டையா நீள்வட்டமா என்றுகூடத் தெரியாத வீடும் கட்டியது. பில்லில் தனி வரியாக வராததால் கட்டுகிறோம் என்றே பலருக்குத் தெரியாது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் வரும் வருமானம், ரேட்டிங் விழுந்தாலும் வரும் வருமானம். ஏபிசி, என்பிசி, சிபிஎஸ் எதற்கும் அன்று இது கிடையாது, அவர்கள் விளம்பரத்தை மட்டும் நம்பி வாழ்ந்தார்கள். உரிமை ஏலத்தில் இரண்டு பையிலிருந்தும் எடுக்கிறவனோடு ஒற்றைப் பைக்காரன் எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்?

முதலாளிகள் இடையில் மாறிக்கொண்டே இருந்தார்கள், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984இல் கெட்டியை இன்னொரு எண்ணெய்க் கம்பெனியான டெக்சாகோ விழுங்கியது. எங்களுக்கு எதற்கு ஒரு டிவி சேனல் என்று அதை ஏபிசியிடம் தள்ளிவிட்டார்கள், 20 கோடி டாலருக்குச் சற்று மேல் என்று கணக்கு. பிஸ்கட் கம்பெனியான நபிஸ்கோ 6 கோடி டாலருக்கு 20 சதவீதம் வாங்கியது. 1986 தொடக்கத்தில் ஏபிசியையே கேபிடல் சிட்டீஸ் என்ற ஊடக நிறுவனம் 350 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. 1990இல் நபிஸ்கோ பங்கு ஹெர்ஸ்ட் பத்திரிகைக் குழுமத்துக்குப் போனது, 1996இல் கேபிடல் சிட்டீஸும் ஏபிசியும் மொத்தமாக டிஸ்னி கைக்கு, 1,900 கோடி டாலர்; ஹெர்ஸ்டின் 20 சதவீதம் மட்டும் அப்படியே இருந்தது. டெக்சாகோ விற்றது இருக்கிறதே, அமெரிக்க வணிக வரலாற்றில் இதைவிட மோசமான விற்பனை சில இருக்கலாம், ஆனால் நிறைய இருக்காது.

அதே 1984 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கல்லூரி ஃபுட்பால் ஒளிபரப்பு உரிமை முழுவதையும் என்சிஏஏ தன் பிடியில் வைத்துக்கொண்டு எத்தனை ஆட்டம் டிவியில் வரலாம் என்று முடிவு செய்துகொண்டிருந்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்று 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு. அதுவரை இஎஸ்பிஎன் கல்லூரி ஃபுட்பாலைப் பெரும்பாலும் பதிவு செய்து தாமதமாகத்தான் போட முடிந்தது. செப்டம்பர் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் ஆடிய ஆட்டத்தை நேரடியாகக் காட்டினார்கள். சனிக்கிழமை முழுக்க ஃபுட்பால் என்பது அதிலிருந்து வந்ததுதான். வழக்குப் போட்ட பல்கலைக்கழகங்கள் தங்களுக்கு அதிகப் பணம் வரும் என்று நினைத்தன, உடனே வரவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் கடை விரித்ததால் விலை சரிந்தது. மலிவு விலையில் வாங்கிக் குவித்தவர்களில் இஎஸ்பிஎன் உண்டு. காலி நேரம் நிறைய வைத்திருப்பவனுக்கு அன்றைக்குத்தான் அது லாபமானது.

1987இல் இரண்டு விஷயம். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் நடந்த அமெரிக்காஸ் கப் பாய்மரப் படகுப் போட்டியை நடுராத்திரியில் நேரடியாகக் காட்டினார்கள், படகுக்குள்ளேயே கேமரா வைத்து. டென்னிஸ் கானர் கோப்பையை மீட்டதைப் பார்க்க, பாய்மரம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தது என்எஃப்எல். மூன்று வருடத்துக்கு 15.3 கோடி டாலர், பதிலுக்கு வருடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு 8 ஆட்டங்களும் சில முன்னோட்ட ஆட்டங்களும். கேபிளில் என்எஃப்எல் வருவது அதுவே முதல் முறை. இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? ஆபரேட்டரிடம்தான். ஃபுட்பாலுக்கென்று தனிக் கூடுதல் கட்டணம் கேட்டார்கள், அவர்களும் முனகிக்கொண்டே கொடுத்தார்கள், ஏனென்றால் என்எஃப்எல் இல்லாத கேபிளை விற்பது கஷ்டம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இதே நடை. பெரிய உரிமை ஒன்றை வாங்கு, அதைக் காட்டிச் சந்தா விகிதத்தை ஏற்று, ஏற்றியதை வைத்து அடுத்த உரிமையை வாங்கு. எப்போதும் பலித்தது என்று சொல்ல முடியாது, 1990இல் பேஸ்பாலுக்கு நாலு வருடத்துக்கு 40 கோடி டாலர் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கும் அளவுக்கு மாதச் சந்தா வந்துகொண்டிருந்தது.

நாலாவது, அந்தச் சட்டம். 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் கேபிள் சட்டத்தைத் திருத்தியபோது, உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்களின் சேனலைக் கேபிளில் போட அவர்களின் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தது. ஒப்புதலுக்கு விலை கேட்கலாம். சேனல்காரர்கள் ரொக்கம் கேட்டார்கள், கேபிள் பெரிய கம்பெனிகள் ஒரு பைசா தர மாட்டோம் என்று நின்றன. கேபிடல் சிட்டீஸ் வேறு மாதிரி பேரம் பேசியது: ஏபிசிக்குக் காசு வேண்டாம், நாங்கள் புதிதாக ஒரு சேனல் தொடங்குகிறோம், அதற்கு இடம் கொடுத்து அதற்கு மட்டும் சந்தா கொடுங்கள். அப்படிப் பிறந்ததுதான் இஎஸ்பிஎன்2. ஃபாக்ஸ் நிறுவனம் எஃப்எக்ஸ் என்ற சேனலைப் பெற்றதும் இதே வழியில்தான். 1993 அக்டோபர் 1 இரவு தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வந்த ஓல்பர்மன், எங்கள் வேலைவாழ்க்கையின் முடிவுக்கு வரவேற்கிறோம் என்று கிண்டலடித்துத் தொடங்கினார், பக்கத்தில் சூசி கோல்பர். இளைஞர்களுக்கான துள்ளலான சேனல் என்று விளம்பரம் செய்தார்கள், அந்தத் துள்ளல் பார்க்கச் சகிக்கவில்லை, சீக்கிரமே கைவிட்டார்கள். அதனால் என்ன, சேனல் ஏற்கெனவே பல லட்சம் வீடுகளில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே என்ன ஓடுகிறது என்று முடிவாகும் முன்பே சந்தா முடிவாகிவிட்ட சேனல் அது!

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் செய்திப் பிரிவுக்கும் வியாபாரத்துக்கும் முட்டாமல் இருக்குமா. காட்டுவதற்குக் கோடிகள் கொடுக்கும் லீகைப் பற்றியே விசாரித்து எழுதவும் வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள சிக்கல். 2003இல் கற்பனையான ஃபுட்பால் அணி ஒன்றை வைத்து, போதை மருந்து, அடிதடி எல்லாம் கொண்ட நாடகத் தொடர் ஒன்றைத் தயாரித்தார்கள், நல்ல பெயர் வாங்கியது, என்எஃப்எல் ஆணையர் பால் டாக்லியாபூ டிஸ்னி தலைவர் மைக்கேல் ஐஸ்னரிடம் அதிருப்தியைத் தெரிவித்தார், ஒரே சீசனோடு நின்றது. 2013இல் வீரர்களின் மூளைக் காயங்கள் பற்றிப் பொது ஒளிபரப்பான பிபிஎஸ்ஸின் ஆவணப் பிரிவோடு சேர்ந்து வேலை பார்த்துவிட்டு, ஒளிபரப்புக்குச் சில வாரங்களுக்கு முன் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். என்எஃப்எல் அழுத்தம் காரணமில்லை என்றார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் திங்கள் இரவு ஆட்டங்களுக்கு வருடத்துக்கு 190 கோடி டாலர் என்று புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அதே நிறுவனத்தின் நிருபர்கள்தான் அந்த மூளைக் காய விவகாரத்தைத் தோண்டி எடுத்தவர்கள் என்பதால், செய்திப் பிரிவு முழுக்க விலைபோனது என்று சொல்வதும் அநியாயம்.

2011 வாக்கில் இஎஸ்பிஎன் 10 கோடி வீடுகளில் இருந்தது. 2015இல் ஒரு வீட்டிலிருந்து மாதம் 6 டாலருக்கும் மேல், அமெரிக்கக் கேபிளில் வேறு எந்தச் சேனலும் பக்கத்தில்கூட இல்லை. 9 கோடிச் சொச்சம் வீடு, 6 டாலர், 12 மாதம் என்று போட்டால் இந்த ஒரு சேனலுக்கே வருடம் 650 கோடி டாலர் பக்கம், விளம்பரம் வராமலேயே. அந்த வருடம் ஆகஸ்டில்தான் டிஸ்னி தலைவர் பாப் ஐகர் முதலீட்டாளர்களிடம் சந்தாதாரர் எண்ணிக்கை கொஞ்சம் குறைகிறது என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் டிஸ்னி பங்கு 9 சதவீதம் விழுந்தது, மற்ற ஊடகப் பங்குகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. ஆட்டம் பார்க்காத வீடுகள் நெட்ஃபிளிக்ஸ் போதும் என்று கேபிளை வெட்ட ஆரம்பித்திருந்தன. ரசிகன் போகவில்லை, ரசிகன் அல்லாதவன்தான் போனான், ஆனால் 30 வருடமாகக் கட்டடத்தைத் தாங்கியது அவன் கட்டிய காசு. அந்த அக்டோபரில் சுமார் 300 பேருக்கு வேலை போனது, 2017இல் திரையில் நமக்குத் தெரிந்த முகங்கள் உட்பட மேலும் பலர். ரேட்டிங், அரசியல் பேசியது, அதைப் பேசாதது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் பக்கவாத்தியமாகத்தான் படுகிறது.

2025 ஆகஸ்டில் கேபிளே இல்லாமல் நேரடியாக வாங்கிக்கொள்ளும் செயலியைக் கொண்டுவந்தார்கள், மாதம் 29.99 டாலர். பார்க்கிறவன் மட்டும் கட்டினால் ஒரு சேனலின் விலை என்ன என்பது இப்போது வெளிப்படையாகத் தெரிகிறது. அதே மாதம் இன்னொரு ஒப்பந்தத்தையும் அறிவித்தார்கள்: என்எஃப்எல் தன் சொந்தச் சேனலையும் வேறு சில சொத்துகளையும் இஎஸ்பிஎன்னுக்குக் கொடுக்கும், பதிலுக்கு இஎஸ்பிஎன்னில் 10 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்ளும். உரிமை விற்பவரே இனி வாங்குபவரின் பங்காளி. அடுத்த முறை மூளைக் காயம் பற்றியோ அணி முதலாளி ஒருவரைப் பற்றியோ பிரிஸ்டல் நிருபர் ஒருவர் ஏதாவது தோண்டி எடுத்தால் அது எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு ஒளிபரப்பாகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.